பதினேழு பம்பரங்கள்

ஜனவரி 6

என்னங்க,

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். போன் இந்தப் பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது, பஞ்சை விலக்கிப் பாருங்கள். அக்காவைக் குளிப்பாட்டும்போது வாளிக்குள் விழுந்துவிட்டது. விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும் உடனே எடுக்கவில்லை. அடியில் போய் உட்கார்ந்து, ஒருமுறை வெளிச்சம் போட்டு, அணைந்துபோனது. மனசுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

இந்த ஊரிலும் ரிப்பேர் கடை இருக்கிறது. ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரு ரிப்பேர்க்காரரோடு குடும்பம் நடத்திவிட்டு வெளியாளிடம் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் கூரியரில் அனுப்புகிறேன். அவசரமில்லை.

அக்காவுக்குக் கணுக்காலில் கட்டு. ஆறு வாரம் ஆகுமாம். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் படுத்தபடியே அடுப்பில் என்ன தீய்கிறது என்று சொல்கிறாள். சொல்வது சரியாகவும் இருக்கிறது.

நான் வளர்ந்த தெரு அப்படியே இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். இல்லை. முனை வீடு இப்போது பல் ஆஸ்பத்திரி. பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் சிரிக்கிறது. உள்ளே டாக்டர் யார் தெரியுமா? ஓணான்! பக்கத்து வீட்டு ஓணான். பேசும்போது கழுத்தை ஆட்டி ஆட்டிப் பேசுவான், அதனால் அந்தப் பெயர். என்னோடு கோலி, பம்பரம் எல்லாம் ஆடியவன். உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் யாருடைய போனுக்குள்ளாவது தலையை விட்டிருப்பீர்கள்.

என்னைப் பார்த்ததும் வெள்ளைக் கோட்டோடு தெருவுக்கே ஓடி வந்தான். "அடியே, என் பச்சைக் கோலியைக் குடுக்காமலே கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடிட்டியேடி!" என்று ஒரு கத்தல். உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

அலமாரி மேல்தட்டில் இருந்த அஞ்சாங்கல் டப்பாவைத் தேட வேண்டாம். எடுத்து வந்துவிட்டேன். தேடியிருக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

*

ஜனவரி 10

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

பொட்டலம் வந்தது. போனைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. சோப்பு வாசனையும் வந்தது. விழுந்த பொருள் இவ்வளவு குடித்திருக்காது. ஊற வைத்தது போல் இருக்கிறது. போகட்டும். பார்க்கிறேன்.

உன் அக்காவின் கால் பற்றி மிகவும் வருத்தம். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். மனசில் முதலில்தான் இருந்தது.

பல் டாக்டர் என்றால் மதிப்பான தொழில். ஆனால் நோயாளியை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தெருவில் அவருக்கு என்ன வேலை? நான் ஒரு போனைத் திறந்துபோட்டு எழுந்து போனதாக யாராவது சொல்லட்டும் பார்ப்போம். போனுக்கு வாயே வலிக்காது. அப்படியும் போக மாட்டேன்.

அப்புறம் அந்த "அடியே". நானே உன்னை அப்படிக் கூப்பிட்டு வருஷக் கணக்காகிறது. கூப்பிட்டால் என்ன வந்து விழும் என்ற பயத்தில் அடக்கி வைத்திருக்கிறேன். அவர் என்னடாவென்றால் நடுத்தெருவில், கோட்டு போட்டுக்கொண்டு!

ஐம்பத்திரண்டு வயசில் ஒரு மனிதர் பச்சைக் கோலியை ஞாபகம் வைத்திருக்கிறார் என்றால் ஒன்று, ஞாபகசக்தி அதிகம். இல்லாவிட்டால் வேலை குறைவு. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: தலையில் முடி இருக்கிறதா?

என் கடைக்கும் தினமும் நாலு பேர் வந்து இதே பாட்டுத்தான். கையில் உடைந்த போனை வைத்துக்கொண்டு, "அந்தக் காலத்துல இதெல்லாமா இருந்துச்சு? தெருவே கதின்னு கிடந்தோம், இல்ல சார்?" என்பார்கள். அடுத்த மூச்சில், "சாயங்காலத்துக்குள்ள குடுத்துருவீங்கல்ல? இது இல்லாம கை ஓடல" என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன். விளையாட்டைப் பற்றி என்னிடமா சொல்வது? நாலு தெருவில் பதினேழு பம்பரங்களைப் பிளந்த கை இது. உனக்கே தெரியும்.

வீட்டில் எல்லாம் நலம். பால் இரண்டு முறை பொங்கியது. மற்றபடி உன் குறை தெரியவில்லை.

கடைக்காரன்

பி.கு: முடி பற்றி மறக்காமல் எழுதவும்.

*

ஜனவரி 14

என்னங்க,

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. எண்ணிச் சொல்லட்டுமா? பல்லும் எல்லாம் சொந்தம். பல் டாக்டர் என்பதால் அது விளம்பரம் என்கிறான்.

பச்சைக் கோலி என்னிடம்தான் இருக்கிறது, அஞ்சாங்கல் டப்பாவுக்குள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் தேடியவன் இன்னும் நாலு நாள் தேடட்டும்.

இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் ஆஸ்பத்திரியைச் சாத்திவிடுகிறான். பின்பக்கம் ஒரு சின்ன முற்றம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களில் இன்னும் எட்டுப் பேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறோம். மளிகைக் கடை வைத்திருக்கிறவள், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்சூரன்ஸ்காரர், அவர் தங்கை, இப்படி. முதல் நாள் எல்லாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் கோலிக்காகச் சண்டையே வந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர் ஒரு சாண் தள்ளி அளக்கிறார். பத்து வயசிலும் அப்படித்தான் அளந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "உன் பாலிசிய நான் எடுத்ததே தப்பு" என்று மளிகைக்காரி திட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஒரு நல்ல செய்தி. பிப்ரவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை பம்பரப் போட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர், வீட்டுக்காரி எல்லாரும் ஆடலாம். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். "பதினேழு பம்பரத்தைப் பிளந்தவரா?" என்று ஓணான் கழுத்தை ஆட்டினான். "அப்படின்னா அவரோட முதல் ஆட்டம் என்னோடதான்" என்று சொல்லிவிட்டான்.

பால் பொங்கினால் அடுப்பைத் துடைக்க வேண்டும். அதையும் செய்தீர்களா?

உங்கள் மனைவி

*

ஜனவரி 18

அன்புள்ள மனைவிக்கு,

என்னைக் கேட்காமல் பெயர் கொடுத்தது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வலது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு. இருபது வருஷமாகக் குனிந்தே வேலை செய்தால் வரத்தானே செய்யும்? கையைக் காதுக்கு மேல் தூக்கினால் 'களுக்' என்கிறது. பம்பரம் என்பது தோளில் இருந்து வரவேண்டிய விஷயம். தெரியாதவர்கள் மணிக்கட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை உன் டாக்டரிடம் சொல்லிவிடு.

வேறு ஆளை வைத்து முதல் ஆட்டத்தை அவர் ஆடட்டும். எனக்கென்ன வருத்தம்? எனக்குத் துளிகூட இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டு, சொந்தப் பல்லோடும் சொந்த முடியோடும், பின்முற்றத்தில், அடுத்தவன் மனைவியோடு கோலி ஆடுகிற ஒரு மனிதரைப் பற்றி நான் ஏன் நினைக்கப் போகிறேன்? திருகாணி டப்பாவை மடிமேல் வைத்துத் திறந்து, சால்டரிங் கம்பியின் சூடு சட்டைப்பையில் பட்டது கூடத் தெரியாமல், ஏன் நினைக்கப் போகிறேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். கையைப் பிடித்து நிறுத்தினாயாமே, அது இன்சூரன்ஸ்காரர் கையை. டாக்டரும் அளப்பாரா?

பக்கத்துச் சாவிக்கடைக்காரருக்குப் பொழுது போகவில்லை. நேற்று எட்டிப் பார்த்து, "என்ன சார், வீட்ல இன்னும் வரலியா?" என்றார்.

"அக்காவுக்குக் கால் உடைஞ்சிருக்கு."

"கால் உடைஞ்சா ஆறு வாரம். உங்க மூஞ்சியப் பார்த்தா ஆறு வருஷம் மாதிரி இருக்கே?"

"உங்க வேலையப் பாருங்க."

"பாக்கறேன். நேத்து உங்க கடைக்குள்ள என்னமோ பறந்து வந்து கண்ணாடியில மோதுச்சே, அது என்ன சார்?"

அவர் ஏதோ சொல்கிறார். கடையின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல ஒரு விரிசல் விழுந்திருப்பது உண்மை. தானாகவே விழுந்தது. வெயிலுக்குக் கண்ணாடி விடுவது உண்டு. என் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உன் போனுக்கு ஒரு சின்ன சாமான் வர வேண்டியிருக்கிறது. சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எதுவும் சீக்கிரம் கிடைப்பதில்லை.

அடுப்பைத் துடைத்துவிட்டேன்.

உன் கணவன்

*

ஜனவரி 22

தோள்பட்டைக்காரருக்கு,

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அக்காவின் போனில் கூப்பிட்டார். லீவு எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டு, உங்களை ஒரே புகழ்ச்சி. அவர் போன் சாக்கடையில் விழுந்ததாமே? காலையில் கொடுத்து மத்தியானம் வாங்கிக்கொண்டாராம். சாக்கடையில் விழுந்ததற்கு மூன்று மணி நேரம். நல்ல தண்ணீரில் விழுந்ததற்குப் பன்னிரண்டு நாளா?

போன் என்னிடம் இல்லாவிட்டால் ஓணான் என்னைக் கூப்பிட முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சபாஷ். அவன் ஆஸ்பத்திரி ஜன்னலும் அக்கா வீட்டு ஜன்னலும் எதிரும் புதிரும். அவன் இருமினால் எனக்குக் கேட்கும்.

சிரிப்பாக எழுதிக்கொண்டே போனால் நான் ஏன் கிளம்பி வந்தேன் என்பது மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அக்கா கால் உடைந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த டப்பாவை எடுத்து வந்து உங்கள் மேஜைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேனே, அதுவும் உண்மை. "ஒரே ஒரு ஆட்டம் வாங்களேன்" என்றேன். நீங்கள் பூதக்கண்ணாடியில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வேலவெட்டி இல்லாதவங்க ஆடுறது" என்றீர்கள். நான் தனியாக மூன்று ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து போனேன். எழுந்து போனது கூட உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான வருஷம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பெண் பள்ளிக்கூடம் போன வருஷம் கேட்டிருக்கிறேன். அவள் கல்யாணமாகிப் போன பிறகு கேட்டது இது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில், இதே தெருக்கோடியில், ஆபீசில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. மாற்றல் கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். அக்காவுக்கும் ஆள் துணை. விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறேன். நிரப்பவில்லை. முதல் தேதிக்குப் பிறகு யோசிக்கிறேன்.

வெயிலுக்கு விடுகிற கண்ணாடியை நான் பார்த்ததில்லை. இது ஜனவரி.

நான்

*

ஜனவரி 26

அன்புள்ளவளுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். நாலிலும் நகைச்சுவை நன்றாக வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

போனை இதோடு அனுப்புகிறேன். வந்த மறுநாளே சரியாகிவிட்டது. எந்தச் சாமானும் வர வேண்டியிருக்கவில்லை. அதற்குள் எதையும் பார்க்கவில்லை. ஊரார் போனையே பார்க்காதவன் உன் போனைப் பார்ப்பேனா? பார்க்க நினைத்தேன், அது வேறு. மேஜையில் கவிழ்த்து வைத்து, மேலே அகராதி போல தடிமனாக ஒரு விலைப்பட்டியலை வைத்திருந்தேன்.

தோள்பட்டையில் ஒன்றுமில்லை.

பதினேழு பம்பரமும் இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் வாழ்க்கையில் பம்பரம் விட்டதே கிடையாது. கோலி, கில்லி, ஓடிப்பிடித்து எதுவும் கிடையாது.

அப்பாவின் ரேடியோ கடை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான். ஏழு வயசில் கையில் திருப்புளி. "கையில அடிபட்டா கடையச் சாத்த வேண்டியதுதான்" என்று அப்பா சொல்வார். பொல்லாதவர் இல்லை. அவருக்கு அப்போதே கை நடுக்கம் வந்துவிட்டது. சின்னத் திருகாணிகளுக்கு என் விரல்தான் வேண்டியிருந்தது. கடைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் முழுத் தெருவும் ஆடும். எந்த ஆட்டத்துக்கு என்ன விதி, யார் ஏமாற்றுவான், யார் அழுவான், எல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்தது.

வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் பந்து கடைக்குள் வந்து விழும். அதுதான் என் விளையாட்டு. மேஜைக்கடியில் போய்த் தேடுவது போல நடிப்பேன். பந்து கையில்தான் இருக்கும். "சீக்கிரம் குடுடா!" என்று கத்துவார்கள். எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுப்பேன்.

கல்யாணமான புதிதில் நீ உன் தெருக் கதைகளைச் சொல்லச் சொல்ல எனக்கு எரிந்தது. சொல்ல என்னிடமும் ஒன்று வேண்டாமா? பதினேழு பம்பரத்தைப் பிளந்தவன் எங்கள் தெரு பால்காரர் மகன். அவன் கதையை எடுத்து நான் போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் அது எனக்கு நன்றாகப் பொருந்திவிட்டது.

நீ டப்பாவோடு தரையில் உட்கார்ந்தபோது தலையைத் தூக்காததற்குக் காரணம் வேலை இல்லை. அந்த போனில் வேலை முடிந்திருந்தது. தூக்கியிருந்தால் ஆட வேண்டியிருக்கும். ஆடினால் தெரிந்துவிடும்.

எனக்கு உன் ஓணான் மேல் பொறாமை. முடி, பல்லுக்காகவும்தான். ஆனால் அதைவிட, பத்து வயசு உன்னை அவன் பார்த்திருக்கிறான். அதோடு பத்து வயசு அவனும் இருந்திருக்கிறான். நான் இருந்ததே இல்லை.

கண்ணாடி வெயிலுக்கு விடவில்லை. போட்டிக்காக ஒரு பம்பரம் வாங்கினேன். வாடிக்கையாளர் ஒருவரின் போன் சார்ஜ் ஏறுவதற்குள் என் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எட்டு வயசுப் பெண் ஒருத்தி "ரொம்ப ஈசி" என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு ஈசிதான். முதல் வீச்சில் கட்டைவிரல். இரண்டாவதில் கண்ணாடி. மூன்றாவது சாவிக்கடைக்காரர் தலைக்கு மேலே போனது. அன்றிலிருந்து அவர் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

விண்ணப்பத்தை நிரப்புவதும் நிரப்பாததும் உன் இஷ்டம். பெயரை மட்டும் பட்டியலில் இருந்து அடித்துவிடு.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன்

*

ஜனவரி 29

என்னங்க,

போன் வந்தது. இன்னும் போடவில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு பொருட்காட்சிக்குப் போனோமே, அங்கே ஒரு பம்பரம் வாங்கினீர்கள். கயிற்றை ஆணியில் இருந்து மேலே சுற்றவேண்டும். நீங்கள் தலையில் இருந்து கீழே சுற்றினீர்கள். சுற்றிவிட்டு, "இங்க கூட்டமா இருக்கு, யார் மேலயாவது பட்டுரும்" என்று பையில் போட்டுக்கொண்டீர்கள். அன்றைக்கே தெரியும் எனக்கு.

சொல்லவில்லை. பதினேழு என்று சொல்லும்போது உங்கள் முகம் நன்றாக இருக்கும். என்றைக்காவது நீங்களாக வந்து "சொல்லிக் குடு" என்பீர்கள் என்று பார்த்தேன். அந்தக் காலத்துப் பந்தைப் போலவே என் போனையும் வைத்துக்கொண்டீர்கள். குடுக்கச் சொல்லிக் கத்தினால்தான் உங்களுக்கும் ஆட்டத்தில் சேர்ந்தது போல் இருக்கும் போலிருக்கிறது.

பெயரை அடிக்க முடியாது. பென்சிலில் எழுதவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். நான் எதற்கும் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

கயிறு இங்கே இருக்கிறது.

*

பிப்ரவரி 10

என்னங்க,

நேற்று மட்டும் பதினொரு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் எடுத்து, "இப்ப என் முறை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். பின்னால் ஓணான் சிரிப்பது கேட்டது. அதனால்தான் கடிதம்.

"உன் லீவு முடிஞ்சுருச்சு, நீ போ. அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நான் இருந்து பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதரா என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் வேறு சொல்லிவிட்டேன்.

போட்டியில் உங்கள் முதல் வீச்சு வட்டத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ஆஸ்பத்திரிப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த பல்லைப் பிளந்ததே, அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். எல்லாரும் ஓணான் முகத்தைப் பார்த்தோம். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "பதினெட்டு" என்றீர்கள். ஓணான் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்போதே உங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டான். வேற்று ஆளிடமிருந்து உங்களைக் காப்பாற்றலாம். என் சிநேகிதனிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

அக்கா போனில் எல்லாம் சொல்கிறாள். காலையில் அரைமணி, சாயங்காலம் ஒன்றரை மணி ஆட்டமாம். "மாப்ளே" என்கிறானாம், "டேய்" என்கிறீர்களாம். மளிகைக்காரி உங்களுக்கு என்று தனியாக டீ போடுகிறாளாம். அது எதற்கு? நான் அங்கே இருந்த நாலு வாரத்தில் ஒரு நாள் போட்டுத் தரவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷம் நான் பத்திரமாக வைத்திருந்து, கிளம்பும் அன்று மனசே இல்லாமல் ஓணானிடம் திருப்பிக் கொடுத்தேனே பச்சைக் கோலி, அதை எட்டே நாளில் உங்களுக்குக் கொடுத்துவிட்டானாம். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

நான் மூன்று தடவை கேட்டும் நிமிராத தலை, அவன் ஒரு தடவை விசில் அடித்ததும் ஓடுகிறது. இங்கே வீட்டுக்கு வந்தால் உங்கள் மேஜையும் பூதக்கண்ணாடியும்தான். நேற்று தனியாக ஒரு ஆட்டமாவது போடலாம் என்று பையைத் திறந்தேன். அஞ்சாங்கல் டப்பாவைக் காணோம். அதையும் அங்கேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

சாவிக்கடைக்காரர் கேட்கிறார், "என்னம்மா, சார் இன்னும் வரலியா?"

என்ன பதில் சொல்ல?

*

பிப்ரவரி 13

அடியே,

எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இனி இப்படியே கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.

டப்பாவைத் தேட வேண்டாம். நீ மறந்து விட்டுப் போகவில்லை. உன் பையில் இருந்து நான்தான் எடுத்தேன்.

உன் அக்காவுக்குக் காலில்தானே கட்டு, கை சும்மாதானே இருக்கிறது? நீ போன மறுநாள் டப்பாவைக் கட்டில் பக்கத்தில் வைத்து, "எனக்கு இதைச் சொல்லிக் குடுங்க, அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். "தம்பி, இதுக்கா அவளை அனுப்பி வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னை உயிரோடு விடவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இருபது முறை, பின்னால் இருபது முறை. கல்லை மேலே போட்டால் அது திரும்பி என் மண்டையில்தான் விழும். மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல். உன் அக்கா கண்ணில் பட்டதை எல்லாம் உன்னிடம் சொல்கிறவள், இதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

ஓணானோடு ஆடவில்லையா என்றால், ஆடினேன். பொய் சொல்வதை விட்டுவிட்டேன். நல்ல மனிதன். முடி மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை. பச்சைக் கோலியை அவன் சும்மா கொடுக்கவில்லை, நான் ஜெயித்தேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே பொருள். கையில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். அதில் உன் பெயர்தான் எழுதியிருக்கிறது போல் இருந்தது. கொண்டு வருகிறேன். அது ஓணானின் கோலி இல்லை இப்போது, நான் உனக்குக் கொடுக்கிற கோலி. இந்த வித்தியாசத்தைச் சாவிக்கடைக்காரருக்கும் சொல்லிவிடு.

மளிகைக்காரியின் டீ சுமார்தான்.

கட்டு நாளைக்குப் பிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். முழு ஆட்டமும் கற்றுக்கொண்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் போல உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உன்னைத் தோற்கடிப்பதாகத்தான் திட்டம். மூன்றாம் கல் வரைக்கும்தான் வந்திருக்கிறது. நாலு கல்லையும் ஒரே அள்ளில் அள்ளுவது என் கைக்கு அடங்கவில்லை. மீதியை நீதான் சொல்லித்தர வேண்டும். ஆட்டத்தில் நான் அழுதால் வெளியே சொல்லாதே.

அப்புறம், நீ பதினொரு முறை கூப்பிட்டது எனக்குத் தெரியாது. என் போன் வாளிக்குள் விழுந்துவிட்டது. விழுந்ததைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், அடியில் போய் ஒருமுறை வெளிச்சம் போடுகிறது. ரிப்பேர் பண்ணலாம் என்றால் நம் ஊரில் ஆள் இல்லையாம். கடை பூட்டிக் கிடக்கிறதாம். எங்கே என்று விசாரித்தேன். விளையாடப் போயிருக்கிறானாம்.